கேமராக்காரர் நிற்கும் இடம்

அழகர்கோவிலில் காதுகுத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் காதுக்குப் பிள்ளை அழுவது ஊசி இறங்கிய பிறகு. இரண்டாவது காதுக்கு அழுவது ஊசியைப் பார்த்த உடனே. மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, புதுச் சட்டையோடு தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் சுற்றிலும் இருக்கும் முகங்களை வேடிக்கை பார்க்கும். தெளிந்த முகம் கிடைப்பது அப்போதுதான். ஆசாரி மறுபக்கம் நகர்ந்துவிட்டால் அதன் பிறகு ஆல்பத்துக்குக் கிடைப்பது அழுகை மட்டுமே.

ஆகவே ஆசாரி பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கேமராக்காரர் மாமனுக்கு எதிரே ஒரு காலை மடக்கி உட்கார்ந்துவிடுவார். பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கியிருக்க வேண்டும். மாமன் முகம் விழ வேண்டும். அது விடுபட்டால் எத்தனை நல்ல படம் இருந்தும் ஆல்பம் தேறாது. பின்னால் சீர்த்தட்டு தெரிந்தால் பெண் வீட்டுக்குத் திருப்தி. இதற்கு நடுவில் அத்தையும் சித்தியும் செல்போனை நீட்டிக்கொண்டு குறுக்கே வருவார்கள். "அத்தை, ஒரு நிமிஷம், அப்படியே இடது பக்கம் வாங்க" என்று முகம் கோணாமல் ஒதுக்கவும் தெரிய வேண்டும். கேமரா என்ன விலை, லென்ஸ் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே இரண்டாம் பட்சம். உட்கார்ந்த இடம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டரில், அழகர்மலை அடிவாரத்தில் இருக்கும் இந்தக் கோயில் புகைப்படம் கற்க வருகிறவர்களுக்கு வசதியான இடம், கறாரான இடமும்கூட. உள்ளே கள்ளழகர் என்கிற சுந்தரராசப் பெருமாள். கிழக்கு ராஜகோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. அங்கே சிலை இல்லை. சாத்திய கதவுதான் சாமி. அந்தக் கதவுக்குச் சந்தனம் சாத்தி, மாலை போட்டு, அரிவாள் நேர்ந்து கும்பிடுகிறார்கள். கோயிலுக்குள் போகிறவர்கள் வண்டி வாசல் வழியாகப் போக வேண்டும். வழக்கு வந்தால் கருப்பன் முன்னால் சத்தியம் செய்வது இந்தப் பக்கத்துப் பழக்கம். நேர்ச்சை, மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு என்று வருஷம் முழுக்கக் குடும்பங்கள் வேனில் வந்து இறங்குவதால், படம் எடுப்பவர்களுக்கும் இங்கே எப்போதும் வேலை இருக்கிறது.

ஆனால் கேமரா எல்லா இடத்துக்கும் போக முடியாது. கருவறையைப் படம் எடுக்க அனுமதி இல்லை என்பது பழைய விதி. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் செல்போனுக்கும் தடை விதிக்கச் சொன்னது. மிஞ்சுவது கோட்டைச் சுவர், கோபுரத்தின் வெளி முகம், மலை, மரம், மனிதர்கள். கலையாகப் புகைப்படம் எடுக்க நினைப்பவருக்கு இது குறை என்று தோன்றலாம். இந்த வட்டாரத்தில் பெயர் சொல்லும்படி படம் எடுத்தவர்களின் வேலையைப் பார்த்தால், ஒவ்வொருவருமே ஏதோ ஒரு தடைக்குள் நின்றுதான் எடுத்திருக்கிறார்கள்.

முதலில் வந்தவர் ஒரு ராணுவ அதிகாரி. லினேயஸ் ட்ரைப், 1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். விடுப்பில் ஊருக்குப் போனபோது புகைப்படக் கலையில் ஆர்வம் பிடித்து, திரும்பி வந்து 1854 இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் எடுத்தார். மறு வருஷம் பர்மாவுக்குப் போன அரசுத் தூதுக்குழுவோடு சென்று இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு வந்தார். 1856-ல் சென்னை மாகாண அரசு அவரை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. கட்டடங்களையும் சிற்பங்களையும் அழிவதற்கு முன் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை.

1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ராயக்கோட்டை, சேலம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போன அந்தப் பயணத்தில் மதுரைக்குக் கிடைத்தது 1858 ஜனவரியும் பிப்ரவரியும். அந்தப் படங்கள் அதே வருஷம் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. வைகையும் அதைக் கடக்கும் பாதையும், திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம், மீனாட்சி கோயிலின் நகைகள், இன்று விளக்குத்தூண் என்று எல்லோரும் சொல்லும் பிளாக்பர்ன் நினைவுத் தூண், யானைமலை என எல்லாம் அவற்றில் இருக்கின்றன.

அவர் கையில் இருந்தது என்ன? கண்ணாடித் தகட்டில் எடுக்கும் ஈரக் கொலோடியன் முறை அப்போது பரவிவிட்டது. ஆனால் அதில் ரசாயனம் பூசிய தகடு காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரும்பாடு. ஆகவே ட்ரைப் பெரும்பாலும் காகித நெகட்டிவையே நம்பினார். பிரான்ஸில் குஸ்தாவ் லெ க்ரே 1851-ல் வெளியிட்ட முறை அது. நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கி ஏற்றி, அயோடைடில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து ஒளி உணர்வு ஏற்றுவது. தயார் செய்த தாளைச் சில நாள்கூட வைத்திருந்து பயன்படுத்தலாம். வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு அந்த அவகாசம்தான் உயிர். விலையாகக் கொடுத்தது நேரம்: வெயிலிலேயே நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும், மண்டபத்துக்குள் என்றால் இன்னும் அதிகம்.

அந்த நிமிடங்களில் நடமாடியவர் யாரும் தாளில் பதியவில்லை. கூட்டம் இல்லாத மதுரை ட்ரைப்பின் படங்களில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். நகரும் எதையும் அவரால் பிடிக்க முடியாது. நகராததை எங்கிருந்து பார்ப்பது என்பது மட்டுமே அவர் கையில் இருந்தது. புதுமண்டபத்தின் தெற்குத் தாழ்வாரத்தை மேற்கு முகப்பிலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் ஒவ்வொரு தூணின் ஒரு விளிம்பை மட்டும் தொடுகிறது. அதே தாழ்வாரத்தை நேர் எதிரே நின்று எடுத்திருந்தால் தூண்கள் சுவரில் ஒட்டிய படம் மாதிரி தட்டையாகப் போயிருக்கும். யானைமலையையும் அப்படித்தான் பார்த்தார். மேலூர் சாலையில் போகிற எல்லோருக்கும் பழகியது படுத்த யானையின் பக்கவாட்டு உருவம். அவர் பாறையை முனைப் பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது இன்னும் துணிச்சல். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை நகர்ந்து நகர்ந்து 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். இன்று செல்போனைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கிடைக்கும் பனோரமாவை அவர் காகிதத்திலும் பசையிலும் செய்து காட்டினார். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து ஒரே தூரம், ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே வெளிச்சம் இருந்தால்தான் துண்டுகள் சேரும்.

"அந்தக் காலத்துப் படத்தில் கைவேலை கிடையாது" என்று சொல்கிறவர்கள் ட்ரைப்பின் நெகட்டிவ்களைப் பார்க்க வேண்டும். அன்றைய ரசாயனத்துக்கு நீல நிறம்தான் நன்றாகத் தெரியும். வானம் எப்போதும் வெளுத்துப்போகும். பச்சை இலை கறுத்துவிடும். அதனால் நெகட்டிவின் மேல் சாயம் பூசி வானத்தில் மேகத்தையும் மரத்தில் இலையையும் அவர் சேர்த்திருக்கிறார். இன்று கம்ப்யூட்டரில் செய்யும் வேலையை அவர் தூரிகையால் செய்தார்.

1859-ல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன் செலவைக் குறைக்கப் புறப்பட்டபோது புகைப்படத் துறைக்கு மூடுவிழா வந்தது. ட்ரைப் அதன் பிறகு எடுத்த படங்கள் மிகக் குறைவு. 1902-ல் காலமானார். வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் அவர் படங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சியாக நடத்தியது 2014-15-ல்தான்.

ட்ரைப்புக்கு நிமிடக் கணக்கில் தேவைப்பட்ட வெளிச்சம் ஒரு நூற்றாண்டுக்குள் விநாடியில் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதோடு படம் எடுப்பவரின் உடம்பும் மாறியது. முக்காலி போட்டு அசையாமல் நின்ற ஆள், கேமராவை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு கூட்டத்தில் நடக்கிற ஆளானார். 1950-ல் அப்படித் தமிழ்நாட்டில் நடந்தவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். அந்த ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். அதே வருஷம் மதுரையில் அவர் எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது: எலும்பு தெரியும் குழந்தை, அதைத் தாங்கும் கை, பின்னால் ஒரு வண்டிச் சக்கரம்.

சக்கரம் அங்கே தற்செயலாக இருந்திருக்கலாம். சட்டத்துக்குள் அது வந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது. ஆரக்கால்கள் பரந்து விரிகிற வடிவத்துக்கு முன்னால் குழந்தையின் விலா எலும்புகள். இரண்டடி நகர்ந்து நின்றிருந்தால் சக்கரம் வெட்டுப்பட்டிருக்கும். பசியின் படம் மட்டும் மிஞ்சியிருக்கும். கார்த்தியே-பிரெசோன் லைக்கா கேமராவில் பெரும்பாலும் 50 எம்.எம். லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார். ஃபிளாஷ் போடுவது அவருக்குப் பிடிக்காது. எடுத்த படத்தை ஓரம் வெட்டவும் சம்மதிக்க மாட்டார். இவ்வளவு கட்டுப்பாடு போட்டுக்கொண்டவருக்கு, கிட்டே போவதா விலகுவதா என்பதைக் கால்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மதுரை ஸ்டுடியோக்களில் தொழில் கற்றவர்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அது காசுக் கட்டுப்பாடு. 120 ரோலில் 12 படம், 35 எம்.எம். ரோலில் 36. ஒரு கல்யாணத்துக்கு இத்தனை ரோல் என்று முதலாளி எண்ணிக் கொடுப்பார். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. வேலைக்குச் சேரும் பையன் முதலில் தொடுவது கேமரா இல்லை. டார்க் ரூம் தட்டுதான். டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ என்று வரிசையாக வைத்த தட்டுகளில் பிரிண்டை ஆட்டி ஆட்டிக் கழுவுவது, உலர்த்துவது, பிறகு கூர்தீட்டிய பென்சிலால் நெகட்டிவில் டச்சப் செய்வது. சிவப்பு விளக்கின் கீழே வெள்ளைத் தாளில் முதலில் எழும்புவது தலைமுடி, மீசை, கோட்டு போன்ற கறுப்புப் பகுதிகள். கடைசியில் வருவது வேட்டியின் மடிப்பு. வேட்டி மடிப்பு வரவே இல்லை என்றால் எடுக்கும்போதே வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். கேமராவைத் தொடுவதற்கு முன்பே அடிப்படைப் பாடம் அப்படிக் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். படத்துக்குள் வரும் வெளிச்சத்தை மூன்று இடத்தில் கூட்டிக் குறைக்கலாம். அப்பர்ச்சர் என்பது லென்ஸின் துவாரம். எஃப் 2.8 என்றால் பெரிய துவாரம். எஃப் 4 வைத்தால் வெளிச்சம் பாதியாகும், எஃப் 5.6-ல் அதிலும் பாதி. துவாரம் பெரிதாக இருந்தால் ஃபோகஸ் ஆன முகம் மட்டும் தெளிந்து பின்னணி கலங்கும். எஃப் 11, 16 என்று சிறிதாக்கினால் முன்னால் உள்ள மரமும் பின்னால் உள்ள மலையும் சேர்ந்து தெளியும். ஷட்டர் என்பது நேரம். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால் தெறிக்கும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். முப்பதில் ஒரு பங்கு என்றால் இழையாக ஓடும். ஐ.எஸ்.ஓ. என்பது ஃபிலிமோ சென்சாரோ வெளிச்சத்துக்குக் காட்டும் உணர்வு. நூறிலிருந்து இருநூறு ஆக்கினால் பாதி வெளிச்சமே போதும். ரொம்ப ஏற்றினால் படத்தில் மணல் தூவியது மாதிரி புள்ளி விழும்.

வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாத காலத்தில், ஃபிலிம் டப்பாவோடு வரும் துண்டுச் சீட்டே வழிகாட்டி. நல்ல வெயிலுக்கு எஃப் 16. ஷட்டர் வேகம் ஃபிலிமின் எண்ணுக்குச் சமம், அதாவது நூறு வேக ஃபிலிமுக்கு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்குக் கிட்டியது. மேகம் மறைத்தால் எஃப் 8, நிழலுக்கு எஃப் 5.6. மதுரைச் சித்திரை வெயிலுக்கு இந்தக் கணக்கு இன்றைக்கும் பிசகுவதில்லை. பிசகுவது உச்சி வெயிலில் முகத்தை எடுக்கும்போதுதான். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்கி, கண் இரண்டும் குழிக்குள் போய்விடும். அனுபவசாலி அப்போது அப்பர்ச்சரைத் தொட மாட்டார். ஆளை நகர்த்தி மண்டபத்து ஓர நிழலில் நிறுத்துவார். திறந்த வானத்தின் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும் இடம் அது.

இத்தனை கணக்கையும் ஒரே காலையில் சோதிக்கிற பரீட்சை சித்திரைத் திருவிழா. கள்ளர் கோலத்தில் அழகர்கோவிலை விட்டு இறங்கும் அழகர், அப்பன்திருப்பதி வழியாக வந்து, மூன்றுமாவடியிலும் புதூரிலும் தல்லாகுளத்திலும் எதிர்சேவை கண்டு, சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். முன்பு தேனூரில் நடந்த இந்த விழா மதுரைக்கு வந்ததைத் திருமலை நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். விழாவின் கதையையும் அதில் கூடும் மக்களையும் புரிந்துகொள்ள நினைப்பவர் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வு நூலை வாசித்துவிட்டுக் கேமராவை எடுப்பது நல்லது. யார் எதற்காகத் திரி ஏந்துகிறார்கள், எந்த இடத்தில் எந்த ஊர்க்காரர்கள் சேருகிறார்கள் என்று தெரிந்தவருக்கு, எங்கே காத்திருப்பது என்பதும் தெரியும்.

காத்திருப்பது என்றால் நள்ளிரவிலிருந்தே. ஓர் இடத்தில் நின்றுவிட்டால் விடியும்வரை நகர முடியாது. பாலத்தின் மேலோ கரையோர மாடியிலோ நின்றால் தலைகளின் கடலுக்கு நடுவே சின்னதாகத் தங்கக் குதிரை கிடைக்கும். கூட்டத்தின் அளவு தெரியும், சாமியின் முகம் தெரியாது. ஆற்றுக்குள் இறங்கி நின்றால் குதிரை வானத்தை முட்டிக்கொண்டு எழும். ஆனால் முன்னால் தூக்கிய ஒரு கை போதும், படம் போய்விடும். இரண்டையும் ஒரே ஆள் எடுக்க முடியாது. ஆகவே பழகிய ஜோடிகள் முன்கூட்டியே பேசிப் பிரிந்துகொள்வார்கள்: "அண்ணே, நீங்க மேல நில்லுங்க, நான் தண்ணிக்குள்ள போறேன்."

கேமராவுக்கு அங்கே ஆபத்து கூட்டத்தைவிடத் தண்ணீரால்தான். அழகரைக் குளிர்விக்கத் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் கேமரா என்று பார்த்து ஒதுங்க மாட்டார்கள். பாலிதீன் பையை ரப்பர் பேண்டால் லென்ஸில் இறுக்கிக் கட்டி, கழுத்தில் துண்டும் போட்டுக்கொண்டுதான் ஆற்றில் இறங்குவது. அந்தத் தண்ணீரே படமும்கூட. பீய்ச்சும் தாரைக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் ஒவ்வொரு துளியும் மின்னும். வெளிச்சம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தண்ணீர் இருப்பதே தெரியாது. சூரியன் எழும் கிழக்கைப் பார்த்து நிற்கிறவருக்குத்தான் துளி கிடைக்கும்.

இன்னொரு சங்கடம் தங்கம். ஆறு மணிக்கு முன்பு வானம் நீலம். குதிரை மேல் விழுவதோ ஃபோகஸ் விளக்கின் மஞ்சள். சுற்றிலும் இருட்டு என்பதால் கேமராவின் மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். குதிரை வெள்ளைத் திட்டாகிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து எடுத்தால்தான் குதிரையின் பிடரியும் அழகரின் பட்டும் பிரிந்து தெரியும். 5.45-க்கு ஐ.எஸ்.ஓ. 3200-ல் எடுத்தவர் 6.30-க்கு நானூறுக்கு இறங்கியிருப்பார். கையில் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் நாலைந்து தடவை எல்லா எண்களையும் மாற்ற வேண்டும். கண் மட்டும் அழகரை விட்டு நகரக் கூடாது.

இப்போது படம் எடுக்க வரும் இளைஞர்கள் அழகர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தை எடுப்பதும் உண்டு. மொட்டைத் தலையோடு தோளில் தூங்கும் பிள்ளை, தண்ணீர்ப் பையைச் சுமந்து களைத்தவர், விடிந்ததும் ஆற்று மணலில் குப்பை அள்ளுகிறவர். இந்தப் பார்வைக்கு மதுரை மாவட்டத்திலேயே முன்னோடி இருக்கிறார். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவரான எம். பழனிக்குமார், இந்தியக் கிராமங்களின் மக்கள் ஆவணக் காப்பகமான 'பாரி'யின் புகைப்படக்காரர்; 2022-ல் முதல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றவர். உழைக்கும் பெண்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் மீனவர்களையும் தொடர்ந்து எடுத்துவருகிறார். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமராவும் கற்றுக்கொடுக்கிறார். தன் தெருவைத் தானே எடுக்கும் பிள்ளைக்கு, வெளியூர்க்காரர் நிற்க முடியாத இடத்தில் நிற்க முடிகிறது.

நெருங்குவதில் அளவும் உண்டு. கருப்பன் வாசலில் அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு ஓர் அடியில் லென்ஸை நீட்டினால் படம் கிடைக்கலாம். பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் கையைப் பிடிக்கவும் செய்யலாம். தெரிந்தவர்கள் முதலில் கேமராவைக் கீழே தொங்கவிட்டு நிற்பார்கள். பெரியவர் ஒருவர் பார்த்துத் தலையசைத்த பிறகு எடுப்பார்கள். மாட்டேன் என்றால் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த வாரமும் அதே வாசலுக்குத்தானே வர வேண்டும்.

புதிதாகக் கற்க வருகிறவர்களுக்குக் கொடுக்கத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. செலவு பஸ் டிக்கெட்தான். ஒரே லென்ஸோடு, ஜூம் இருந்தால் 50-ல் நிறுத்தி, ஆறு மணிக்குக் கிழக்குக் கோபுரத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும். அரை மணிக்கு ஒரு படம், பதினொரு மணி வரை, ஒரே இடத்திலிருந்து. முதல் படங்களில் வெயில் நேராக விழுந்து சுதைச் சிற்பங்கள் நிறம் காட்டும், ஆனால் தட்டையாக இருக்கும். ஒன்பதரை வாக்கில் வெயில் மேலேறியதும் ஒவ்வொரு சிற்பத்துக்கும் கீழே நிழல் விழுந்து உருவம் வெளியே வரும். பதினொரு மணிக்கு அந்த நிழலே நீண்டு முகங்களை மறைத்துவிடும். மறுநாள் அதே பதினொரு படங்களை இருபதடி இடது பக்கம் தள்ளி நின்று எடுக்கலாம். இரண்டு வரிசையையும் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் ஒவ்வொன்றாகத்தான் கண்ணில் படும், வித்தியாசம் பிடிபடாது. எந்தப் படத்தைப் பெரிதாக்கலாம் என்று கூட வந்தவரிடமும் கேட்டுப் பார்க்கலாம். காதுகுத்து ஆர்டர் எடுக்க நினைப்பவர் என்றால், மூன்றாம் நாள் வண்டி வாசல் பக்கம் வந்து, ஆசாரி எந்தக் காதிலிருந்து ஆரம்பிக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போகலாம்.